நெற்றித் தடமும் முள்முடியும்

கேள்வி: மழைநாள் ஒன்றில், தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தருகே, கூடையை இறக்கிய ஒரு தாயின் நெற்றியில் தலைக்கயிறு பதிந்த சிவந்த தடத்தைக் கண்டேன். முள்முடி சூடிய இயேசுவையே நேரில் கண்டதுபோல இருந்தது. பாடு சுமப்பதே பாக்கியம் என்று கர்த்தர் எனக்குக் காட்டிய அடையாளமாக இதை வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்லலாமா?
— ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: சகோதரரே, நீங்கள் கண்டது சரிதான், அதற்கு நீங்கள் கொடுத்த பொருளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முள்முடியை இயேசு தாமாக எடுத்துச் சூடிக்கொள்ளவில்லை. போர்ச்சேவகர் அதை முள்ளுகளினால் பின்னி அவருடைய சிரசின்மேல் வைத்தார்கள் என்று யோவான் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே ஒரு தாயின் நெற்றியில் முள்முடியைக் காண்கிறவர், அதைப் பின்னியது யார், வைத்தது யார் என்று கேட்காமல் அங்கிருந்து நகர முடியாது. இயேசுவினுடைய அச்சடையாளங்களைத் தரித்திருப்பதாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதியதும் தம்முடைய சரீரத்தைக் குறித்தே. அடுத்தவருடைய தழும்பைக் காட்டி அவர் அப்படிச் சொல்லவில்லை.

என் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். கயிற்றுக்கு அடியில் பழைய சேலைத் துணியை நாலாக மடித்து வைப்பார். அப்படியும் முன்னந்தலையில் விரலகலத்துக்கு முடியே இல்லாமல் போயிற்று. இரவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவும்போது, அவர் பாக்கியத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. ஈரக்கொழுந்து என்று நிறுவையில் கழித்ததையும், அதனால் முழுநாள் சம்பளமான முழுப்பேர் போய், அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழுந்ததையும்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அதை முறுமுறுப்பு என்று சபையார் சிலர் கண்டித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழியை வாசிக்கத் தெரியாத அவர் தம் பேச்சில் சொன்னார்; வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது கேட்கவில்லை.

சுமப்பதற்கரிய சுமைகளை மனிதர் தோள்களின்மேல் சுமத்திவிட்டு, தாங்கள் ஒரு விரலினாலும் அவற்றைத் தொடாதவர்களை இயேசு கடிந்துகொண்டது மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சுமையைப் பாக்கியம் என்று பக்கத்தில் நின்று போதிக்கிற நாமும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவோமோ என்று நான் அஞ்சுகிறேன். 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவிய கத்தோலிக்கக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார், தோட்டத் தொழிலாளரின் பாட்டைப் பார்த்து நெகிழ்ந்ததோடு நில்லாமல், அவர்களுடைய உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். தாம் கண்டதன் பொருள் அவருக்கு விளங்கியிருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

வாலிபர் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தத் தாயிடம் போய், அவருடைய நெற்றியைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அன்றைக்கு அவருடைய கொழுந்தில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.