பழைய லேப்டாப்பும் புது சாப்ட்வேரும்: வாசகர் கேள்விகள்

கே: விண்டோஸ் 7 லேப்டாப்பில் புது குரோம் ஏறவே மாட்டேன் என்கிறது. - தேனி வாசகர்

ப: ஏறாது. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி. 2023 தொடக்கத்தோடு கதை முடிந்தது. பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) ஓடும். பேங்க் வேலையை மட்டும் அந்த லேப்டாப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கே: சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணினால் எரர் வருகிறது. உடனே தீர்வு சொல்லவும்.

ப: எந்த சாப்ட்வேர்? என்ன எரர்? ஜோசியர்கூட பிறந்த தேதி கேட்டுவிட்டுத்தான் கட்டம் போடுவார். எரர் பெட்டியை போனில் படம் பிடித்து அனுப்புங்கள். விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பதும் வேண்டும். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் தெரியும். 32 பிட் விண்டோஸில் 64 பிட் சாப்ட்வேர் தலைகீழாக நின்றாலும் ஏறாது.

கே: விண்டோஸ் 10, 64 பிட். 'விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை' என்றது. நெட்டில் அந்த ஃபைலை எடுத்து சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டேன். இப்போது 7பி என்று முடியும் வேறு எரர் வருகிறது.

ப: எத்தனை தடவை சொல்வது! டிஎல்எல் என்பது பல சாப்ட்வேர்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல். அதைத் தனியாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். யார் ஏற்றியது, எந்தப் பதிப்பு, உள்ளே வேறு என்ன இருக்கிறது, எதுவும் தெரியாது. உங்கள் விஷயத்தில் அநேகமாக 32 பிட் ஃபைல் கிடைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டர்தான் 64 பிட் ஃபைல்களுக்கு. 32 பிட்டுக்கு சிஸ்வாவ்64. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்தால் இந்த 7பிதான் வரும்.

நீங்கள் போட்ட அந்த ஒரு ஃபைலை மட்டும் அழியுங்கள். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே, அந்த டிஎல்எல் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை எடுங்கள். எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 40 எம்பி அளவுதான், காசு கிடையாது. பிறகு ஒரு ரீஸ்டார்ட். அந்த ஃபைலைப் போட ஆன்டிவைரஸை ஆஃப் செய்தீர்களா? அப்படியானால் முழு ஸ்கேனும் ஓட்டுங்கள். ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லும் எதையும் போடாதீர்கள்; 'கிராக்' (திருட்டு சாப்ட்வேர்) போட்டுத்தரும் கடைக்காரர் சொன்னாலும்தான்.

கே: நெட் நன்றாக வருகிறது. ஆனால் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்கிறது, அப்டேட்டும் இறங்கவில்லை. - காரைக்குடி

ப: திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஏழெட்டு வருடம் பின்னால் இருக்கும். தேதி தப்பினால் தளத்தின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். சரிசெய்த பிறகும் ஆஃப் செய்து போட்டால் பழையபடி ஆகிறதா? சிமாஸ் பேட்டரி (உள்ளே தேதியைக் காக்கும் சின்ன பட்டன் பேட்டரி) காலி. பெரும்பாலும் சிஆர்2032, ஐம்பது ரூபாய்க்குள். சில லேப்டாப்பில் ஒயரோடு வரும், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

கே: 5-ம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 போடலாமா?

ப: வேண்டாம். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாப்ட் ஒத்துக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) ஒன்று மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான இலவச சிஸ்டத்தைப் போடுங்கள். டாலி (கணக்கு சாப்ட்வேர்) லினக்ஸில் நேராக ஓடாது; அது வேண்டுமென்றால் வேறு லேப்டாப் பாருங்கள்.

கே: பென்டிரைவ் வைத்து விண்டோஸ் போட்டால், டிஸ்க் ஜிபிடி, இதில் முடியாது என்கிறது.

ப: ஜிபிடி என்பது டிஸ்கைப் பிரிக்கும் புது முறை; அதில் விண்டோஸ் போட யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை வேண்டும். உங்கள் பென்டிரைவ் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் (லேப்டாப் ஆன் ஆகும்போது வரவழைக்கும் பட்டியல்) அதே பென்டிரைவ் யுஇஎஃப்ஐ என்ற பெயரோடு இன்னொரு வரியில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பதறிப்போய் பார்ட்டிஷனை டெலிட் செய்துவிடாதீர்கள். கல்யாண போட்டோவையெல்லாம் முதலில் வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள்.