ஒயின் பற்றி எதுவும் தெரியாதவர்கள் சிறிய குடும்ப ஒயின் பண்ணைக்குப் போகலாமா? பண்ணைக்காரர்களுக்கு அந்த வியாபாரம் எப்படிக் கட்டுப்படியாகிறது?

தாராளமாகப் போகலாம். இதற்கு ஆஸ்திரியாவைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், திராட்சை விவசாயிகள் சொந்த விளைச்சலில் செய்த ஒயினை அவர்களே நேரடியாக விற்கலாம் என்று ஆணையிட்டார், வியன்னா ஓரத்தில் இன்றும் நடக்கும் 'ஹொய்ரிகர்' கடைகளுக்கு வேர் அதுதான். வாசலில் பைன் கிளை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

கட்டுப்படியாவதற்குக் காரணம் இடைத்தரகர் இல்லாததுதான். கொடி நட்டு முதல் விளைச்சலுக்கே மூன்று வருடம் ஆகும், அப்புறம் பீப்பாயில் வேறு காத்திருக்க வேண்டும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். அறுவடைக்குப் பின் சில மாதங்களிலேயே இளம் ஒயினைத் தங்கள் முற்றத்தில் ஊற்றி விற்றால் கையில் காசு புரளும். ஹொய்ரிகர் என்பது அந்த இளம் ஒயினுக்கும் பெயர், 'இந்த வருடத்தது' என்றுதான் பொருள், அடுத்த ஆண்டு நவம்பர் 11 வந்தால் அது பழைய ஒயின் ஆகிவிடும். வீட்டு ஆட்களே பரிமாறுவார்கள். சாப்பாடும் பெரும்பாலும் ரொட்டி, சீஸ், பன்றி இறைச்சி என்று எளிமையானதுதான்.

புதியவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி, சோடா கலந்த ஒயின். அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. அல்லது எட்டில் ஒரு பங்கு லிட்டர், அதாவது 125 மில்லி மட்டும் கேளுங்கள். 'கெமிஷ்டர் சாட்ஸ்' என்ற ஒயினையும் கேட்கலாம், அது ஒரே தோட்டத்தில் கலந்து வளர்ந்த பல ரகங்களைச் சேர்த்தே பறித்துச் செய்வது, ரகத்தின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டிய கவலையே இல்லை. புளிப்பாக வேண்டுமா, இனிப்பாக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை ஊற்றித் தருபவர் பார்த்துக்கொள்வார்.