ஹைன்கஸுக்கு வெறும் அதிர்ஷ்டமா?

கேள்வி: ஜெர்மனியின் யூப் ஹைன்கஸ் கால்பந்துப் பயிற்சியாளராக இரண்டு முறை ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் வென்றது அதிர்ஷ்டம்தானே? ரியல் மாட்ரிட், பேயர்ன் மியூனிக் என்று தயாராக இருந்த அணிகள் கிடைத்தன. யார் இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் அல்லவா?

பதில்: இல்லை. யார் இருந்தாலும் ஜெயிக்கலாம் என்றால், 1966-க்கு அப்புறம் 32 வருஷம் ரியல் மாட்ரிட் ஏன் அந்தக் கோப்பைக்காகக் காத்துக் கிடந்தது? பணத்துக்கோ ஆட்டக்காரர்களுக்கோ அங்கே பஞ்சம் இருந்ததில்லை. 1998-இல் ஆம்ஸ்டர்டாமில் யுவென்டஸை 1-0 என்று வென்று அதை முடித்துவைத்தவர் ஹைன்கஸ். ஸ்பெயின் லீகில் நான்காவதாக வந்ததால் அந்த சீசனோடு அவரை அனுப்பியும் விட்டார்கள். அதிர்ஷ்டக்காரருக்கு நடப்பதா இது?

பேயர்ன் கதைக்கு வருகிறேன். நீங்கள் 2013-ஐ மட்டும் பார்க்கிறீர்கள். 2012-ஐப் பாருங்கள். ஜெர்மன் லீகில் இரண்டாமிடம். ஜெர்மன் கோப்பை இறுதியில் டோர்ட்முண்டிடம் 2-5. அப்புறம் சொந்த மைதானத்திலேயே சாம்பியன்ஸ் லீக் இறுதி: 83-ஆவது நிமிடத்தில் முன்னிலை, 88-இல் செல்சியின் ட்ரோக்பா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பேயர்னின் ராபன் அடித்த பெனால்ட்டியை செல்சி கோல்கீப்பர் செக் தடுத்தார். கடைசியில் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தோல்வி. நொறுங்கிப்போன அந்த அணியைத்தான் 67 வயதில் அவர் மறுபடி தூக்கி நிறுத்தினார்.

அணியைக் கலைக்கவில்லை. ஸ்பெயினின் பில்பாவோ கிளப்பிலிருந்து ஹாவி மார்ட்டினஸை வரவழைத்து ஷ்வைன்ஸ்டைகருக்குப் பக்கத்தில் நடுக்களத்தில் நிறுத்தினார். பந்து போனால் ரிபெரியும் ராபனும்கூடப் பின்னால் ஓடிவந்து தடுக்க வேண்டும். பெரிய நட்சத்திரங்களை அப்படி ஓடவைப்பது லேசான காரியம் இல்லை. போதாததற்கு, அடுத்த சீசனுக்குப் பயிற்சியாளராகக் குவார்டியோலா வருகிறார் என்று 2013 ஜனவரியிலேயே கிளப் அறிவித்துவிட்டது. போகப்போகிறவர் பேச்சை யார் கேட்பார்கள்? அவர்கள் கேட்டார்கள். 34 லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி, வாங்கிய கோல்கள் 18, புள்ளிகள் 91. அரையிறுதியில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 7-0. வெம்பிளி இறுதியில் 89-ஆவது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தது யார்? அதே ராபன். போன வருஷம் தவறவிட்டவர் மேல் வைத்த நம்பிக்கையை எந்த அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவீர்கள்?

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. கோபத்தில் முகம் சிவந்துவிடும் என்பதால் ‘ஒஸ்ராம்’ என்று பல்பு பெயரையே அவருக்குப் பட்டமாக வைத்திருந்தார்கள். 1994-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒகோச்சா, யெபோவா போன்ற ஆட்டக்காரர்களோடு மோதி, சில மாதங்களில் வெளியேறினார். அங்கே தோற்றது அவர்தான். அந்த மனிதர்தான் பின்னாளில் ரிபெரியை அரவணைத்துப் போகக் கற்றுக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆட்டக்காரராகவும் சாதாரணமானவர் இல்லை. கொல்லர் ஒருவரின் மகன். சொந்த ஊரான மொன்ஷன்கிளாட்பாக்கின் அணியோடு நான்கு முறை ஜெர்மன் சாம்பியன், லீகில் மொத்தம் 220 கோல்கள், 1974 உலகக் கோப்பை அணியிலும் இருந்தவர்.

சரி, தயாராக இருந்த அணி என்றீர்களே. 2017 அக்டோபரில் 72 வயதுக்காரரை ஓய்விலிருந்து மறுபடி கூப்பிட்டபோது, பேயர்ன் டோர்ட்முண்டைவிட 5 புள்ளி பின்தங்கி இருந்தது. அடுத்த மே மாதம், இரண்டாவதாக வந்த ஷால்கவைவிட 21 புள்ளி முன்னால் நின்று சாம்பியன் ஆனது.