மகாமுத்திரையின் நான்கு யோகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: திபெத்தியத் தாந்திரிக பௌத்தத்தில் சாதகர் கடக்கும் படிகள் எவை?

பதில்: மரபுக்கு மரபு படிவரிசை வேறுபடும். ஞிங்மா மரபு நான்கு வித்யாதர (மெய்யறிவைத் தாங்குவோர்) நிலைகளைச் சொல்கிறது. நான் பயின்ற காக்யு மரபைக் கொண்டே இங்கு விடை தருகிறேன். திபெத்தியத் துறவி கம்போபாவின் (1079–1153) வழிவந்த இம்மரபு, மனத்தின் இயல்பை நேரே காணும் மகாமுத்திரைப் பயிற்சியை ஒருமுனைப்பாடு, புனைவின்மை, ஒருசுவை, தியானமின்மை என நான்கு யோகங்களாக வகுக்கிறது. ஒவ்வொன்றும் கீழ், நடு, மேல் என விரிவதால் மொத்தம் 12 படிகள்.

கேள்வி: இந்நான்கும் அனுபவத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன?

பதில்: ஒருமுனைப்பாட்டில் மனம் தெளிவு குன்றாமல், வேண்டிய அளவு நேரம் அசையாது நிற்கும். இன்பம், தெளிவு, எண்ணமின்மை என்னும் மூன்று அனுபவங்கள் அப்போது எழுவதால், அவற்றையே மெய்யுணர்வென்று மயங்கி அங்கேயே தங்கிவிடும் ஆபத்து இப்படியில்தான் மிகுதி. அனுபவம் மூடுபனி போல் கலைந்துபோகும், மெய்யுணர்வு வானம் போல் மாறாதிருக்கும் என்று ஆசிரியர்கள் உவமை கூறி எச்சரிப்பது இதனால்தான். என் பார்வையில், நான்கு யோகங்களைக் கற்பவர் முதலில் மனத்தில் பதிக்கவேண்டிய வேறுபாடும் இதுவே.

புனைவின்மையில், மனத்துக்குத் தோற்றமோ இருப்போ மறைவோ இல்லை என்பது கருத்தாக அன்றி நேர்க்காட்சியாகவே விளங்கும். ஒருசுவையில், தோற்றமும் வெறுமையும் (எதற்கும் தனித்த, நிலையான இருப்பு இல்லாமையும்) இரண்டாகத் தெரிவதில்லை. தியானமின்மையில், தியானிப்பவர், தியானிக்கப்படுவது என்ற பிரிவே அற்றுப்போகும். பயிற்சியைக் கைவிடுவது என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும்பிழை.

கேள்வி: எல்லா உயிர்களின் நலனுக்காகப் புத்தநிலையை நாடும் போதிசத்துவர் கடக்கும் 10 பூமிகளோடு, அதாவது படிநிலைகளோடு, இவற்றைப் பொருத்தலாமா?

பதில்: காக்யு ஆசிரியர்கள் பலர் புனைவின்மையை முதற்பூமியோடும், தியானமின்மையைப் புத்தநிலையோடும் இணைத்துக் காட்டுவர். திபெத்தின் மற்றொரு மரபான சாக்கிய மரபின் ஆசிரியர் சாக்கிய பண்டிதர் (1182–1251) இத்தகைய ஒப்பீட்டை மறுத்தார். அவரது மறுப்பையும் படித்த பின்னரே ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

கேள்வி: மூன்று ஆண்டு, மூன்று மாதத் தியானத் தனிவாசத்தை முடித்தவர் எந்தப் படியை எய்துவார்?

பதில்: எந்தப் படியும் உறுதியன்று. அதற்கு முன்பே 1,00,000 சாஷ்டாங்க வணக்கங்களும் அதே எண்ணிக்கையில், மனமாசு நீக்கும் புத்த வடிவமான வஜ்ரசத்துவரின் நூறெழுத்து மந்திர உருவும் செய்திருப்பார்கள். ஆனால் அவை மனத்தைப் பண்படுத்துவனவே. படியை அறிய, குரு சீடரைத் தனியே அழைத்து, மனத்துக்கு நிறம் உண்டா, வடிவம் உண்டா, எண்ணம் எங்கிருந்து எழுந்து எங்கே ஒடுங்குகிறது என்று கேட்பார். படித்ததை ஒப்பிப்பவரை மீண்டும் தியானத்துக்கே அனுப்பிவிடுவார்.