பதினோராம் நாள் மாத்திரை எங்கிருந்து வந்தது?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். டிஸ்க் விலகலுக்காக எலும்பு டாக்டர் டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதித் தந்தார். டியூட்டியில் வலி தாங்காவிட்டால் வார்டு டிராயரில் மிஞ்சிக் கிடப்பதையும் போட்டுக்கொள்வேன், எல்லோரும் செய்வதுதான். ஜூனில் டிரமடால் ஊசிகள் கணக்கில் குறைந்ததால் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தார்கள். எனக்கு பாசிட்டிவ். எல்லோர் முன்பும் திருடியைப் போல நடத்தினார்கள். கொரோனாவில் வீட்டுக்கே போகாமல் உழைத்தவள் நான். இப்போது விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. ராஜினாமா எழுதிக் கொடு என்கிறது எச்.ஆர். மானநஷ்ட வழக்குப் போடலாமா?
— வில்லிவாக்கம் வாசகி

பதில்: மானநஷ்டத்தை மறந்துவிடுங்கள். கொரோனா உழைப்பு, அன்று யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் விசாரணையில் எடுபடாது. பரிசோதனை தப்பு என்றும் வாதாட முடியாது, மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்பது ஒன்றுதான் கேள்வி.

டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. டாக்டர் சீட்டோடு கடையில் வாங்கினால் அது மருந்து. வார்டு டிராயரில் எடுத்தால், மிச்சமானதாகவே இருந்தாலும், திருட்டுப் புகாருக்கும் அந்தச் சட்டத்துக்கும் நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். நீங்கள் அனுப்பிய சீட்டில் தேதி மார்ச் 4. நாளைக்கு 2 வீதம் 10 நாள், ஆக 20 மாத்திரை. பரிசோதனையோ ஜூனில். பதினோராம் நாளிலிருந்து சாப்பிட்டதற்குக் கணக்கு வேண்டும். மறுபடி சீட்டு வாங்கியிருந்தால் அதுவும் கடை பில்லும் உங்களைக் காப்பாற்றும்.

இல்லையென்றால், தெரிந்த டாக்டரிடம் ஓடிப்போய் பழைய தேதியில் ஒரு சீட்டு வாங்கலாம் என்று இந்நேரம் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டிரமடால் எச்-1 அட்டவணை மருந்து. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு செவிலியர் அப்படி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். நிர்வாகம் கடை பில் கேட்டது; அவரிடம் இல்லை. கடைப் பதிவேட்டைப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. வேலையோடு முடிந்திருக்க வேண்டியது போலி ஆவணப் புகாராக மாறி, இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்த டாக்டரையும் இழுத்துவிட்டது. அந்த அம்மா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதபோது, ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொரு பள்ளம், எச்.ஆர். சொல்லச் சொல்ல எழுதும் மன்னிப்புக் கடிதம். "வார்டு மருந்தை எடுத்தது என் தவறு" என்று ஒரு வரி உங்கள் கையெழுத்தில் போய்விட்டால், 11 வருட கிராஜுவிட்டிக்கும் அதைக் காட்டியே கைவிரிக்கப் பார்ப்பார்கள். நர்சிங் கவுன்சிலுக்கும் அதன் நகல் போகலாம். மெமோவுக்குப் பதில் போடாமலும் இருக்காதீர்கள். பதிலில் பொய் எழுத வேண்டாம். கேட்காததையும் எழுத வேண்டாம்.

பட்டென்று சொல்கிறேன். மார்ச்சுக்குப் பின் சீட்டும் பில்லும் இருந்தால் நின்று போராடுங்கள், நானே துணை நிற்பேன். டிராயர் மாத்திரை மட்டும்தான் என்றால் சமரசமாக விலகுவது நல்லது. விசாரணை முடிவு எழுதப்படும் முன்பே பேசுங்கள். நோட்டீஸ் சம்பளம், கிராஜுவிட்டி, எந்தக் குறிப்பும் இல்லாத எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் மூன்றையும் கேளுங்கள். ராஜினாமா கடிதத்தில் சொந்தக் காரணம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நாளை வளைகுடா வேலைக்குப் போனாலும் இந்த மருத்துவமனையிடம்தான் விசாரிப்பார்கள். போலீசுக்குப் போகமாட்டோம் என்று மட்டும் எழுதி வாங்க முயலாதீர்கள். அப்படி ஒரு ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், ஓ.பி. அட்டை, கடை பில்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். மெமோவில் கொடுத்த கெடு முடியும் முன், பதிலை அனுப்பாமல் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.