முடங்கிய 8 லட்சத்தில் எவ்வளவு கைக்கு வரும்?

கேள்வி: நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி ஒன்றில் என் பெயரில் வட்டியோடு 6 லட்சமும், என் பெயரும் மனைவி பெயருமான கூட்டுக் கணக்கில் 2 லட்சமும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்ததால் எடுக்க முடியவில்லை. இலங்கைக்கும் பெரிய வங்கிகளுக்கும் கொடுக்கப் பணம் இருக்கிறது, எங்களுக்கு இல்லையா? பத்து சதவீதக் கமிஷனுக்கு முழுத் தொகையையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய 7 லட்சத்தை எந்த இடைத்தரகரும் இல்லாமலே நீங்கள் பெறலாம். மீதி 1 லட்சத்தை அவராலும் வாங்கித் தர முடியாது.

வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை தருகிறது. எத்தனை கிளைகளில் போட்டிருந்தாலும் உங்கள் தனிப்பெயரில் உள்ளவை அனைத்தும் ஒன்றாகவே கூட்டப்படும். கூட்டுக் கணக்கு மட்டும் தனி உரிமையாகக் கருதப்படுவதால் அந்த 2 லட்சத்திற்குத் தனிக் காப்பீடு உண்டு. இதே இருவர் மனைவி பெயரை முதலில் வைத்து இன்னொரு கணக்கு தொடங்கியிருந்தால், பெயர் வரிசை மாறிய காரணத்தாலேயே அதற்கும் தனியாக 5 லட்சம் வரை உண்டு. ஆனால் கட்டுப்பாடு வந்த நாளின் நிலவரமே கணக்கு. "பழைய தேதி போட்டுப் பெயரை மாற்றித் தருகிறேன்" என்பவர் உங்களை மோசடி வழக்கில் மாட்டிவிடுவார்.

2021 சட்டத் திருத்தத்தின்படி, கட்டுப்பாடு வந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் இத்தொகை வழங்கப்பட வேண்டும். உங்கள் கிளையிலேயே காப்பீட்டுத் தொகையைப் பெற விரும்புவதாகச் சொல்லும் விருப்பக் கடிதம், அடையாளச் சான்று, வேறு வங்கியில் உள்ள கணக்கின் எண் ஆகியவற்றைக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்த ஒரு தாளை நிரப்பித் தந்ததற்காக ஒரு தரகருக்கு 40,000 ரூபாய் கொடுத்திருந்தார்; ஒப்புகைச் சீட்டைக்கூட அந்தத் தரகரே வைத்துக்கொண்டார். ஓ.டி.பி. எண்ணையோ அசல் வைப்பு ரசீதையோ யாரிடமும் தராதீர்கள்.

உங்கள் கோபத்திற்கு வருகிறேன். 2022-இல் இலங்கைக்கு இந்தியா அளித்த ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியில் பெரும்பகுதி கடனும், நாணயப் பரிமாற்றமும், தவணை ஒத்திவைப்புமாகும். உங்கள் காப்பீட்டுத் தொகையோ வங்கிகள் கட்டும் பிரீமியத்திலிருந்து வருகிறது. ஆகவே அந்த உதவியால் உங்கள் பணம் தடைபடவில்லை. ஆனால் 2016-17 முதல் 2020-21 வரை பொதுத்துறை வங்கிகளுக்கு மட்டும் அரசு சுமார் 3.1 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் கொடுத்ததே, அங்கே உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது. வாராக்கடன் சுமையில் தள்ளாடிய வங்கிகளுக்கு ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு கிடைத்தது. சிறுசேமிப்பாளரின் காப்பீட்டு வரம்போ 1993 முதல் ஏறக்குறைய 27 ஆண்டுகள் 1 லட்சத்திலேயே நின்று, 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சமானது. உள்நாட்டுச் சேமிப்பாளருக்கு முன்னுரிமை தர இத்தனை காலம் மனம் வராததை என்னால் ஏற்க முடியவில்லை.

மீதி 1 லட்சம், வங்கி மீண்டால் அல்லது வேறொரு வங்கியோடு இணைந்தால் கிடைக்கக்கூடும். உரிமம் ரத்தானால் கலைப்பு அலுவலர் சொத்துகளை விற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதிலும் காப்பீட்டுக் கழகம் தான் கொடுத்ததை முதலில் எடுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தை நம்பி இப்போது எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.