டைல்ஸ் மேலெழும்பினால்…

கேள்வி: மும்பை செம்பூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் விட்ரிஃபைடு டைல்ஸ் இரண்டு திடீரென மேலெழும்பிவிட்டன, பக்கத்துக் கற்களைத் தட்டினாலும் வெற்றொலி கேட்கிறது. முழுத் தரையையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, மும்பை

பதில்: வேண்டாம். எழும்பிய இரண்டையும், வெற்றொலி தருபவற்றில் அசைகின்றவற்றையும் மட்டும் எடுத்தால் போதும். விட்ரிஃபைடு கல் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதால், வெறும் சிமென்ட் கலவை அதன் அடியில் உறுதியாகப் பிடிப்பதில்லை. அதோடு இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்திருந்தால், வெப்பத்தில் விரியும் கற்கள் ஒன்றையொன்று தள்ளி, பிடிப்புத் தளர்ந்த இடத்தில் எழும்பிவிடுகின்றன. ஆகவே பழைய கலவையை முழுவதும் செதுக்கி எடுத்துவிட்டு, டைல் பசையைப் பல் கரண்டியால் (விளிம்பில் பற்கள் கொண்ட கொத்துக்கரண்டி) கல்லின் அடி முழுவதும் படியுமாறு பரப்பி, 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியுடன் பதிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு இடங்களில் மட்டும் பசையை உருண்டையாக வைத்து ஒட்டுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அடியில் வெற்றிடம் அப்படித்தான் உண்டாகிறது. பசை இறுக ஒரு நாள் விட்டு, பிறகே கற்களுக்கு இடையில் கிரௌட் (இடைவெளியை அடைக்கும் கலவை) நிரப்ப வேண்டும். ஸ்கர்ட்டிங்குக்குக் (சுவரின் அடியோரமாக ஒட்டும் கல்வரிசை) கீழே சுவரோர இடைவெளியில் சிமென்ட் அடைபட்டிருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள், இல்லையெனில் அடுத்த கோடையில் வேறு கற்கள் கிளம்பக்கூடும். கறை போக்க ஆசிட் ஊற்றாதீர்கள்; சிமென்ட் கிரௌட்டை அது அரித்துவிடும்.